எம்.ஜே.கோபாலனுக்கு கிடைத்த வேலை கும்மிடிப்பூண்டி இளைஞருக்கு கிடைக்குமா?

ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியது யார் தெரியுமா? எம்.ஜே.கோபாலன். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மைசூருக்கு எதிரான அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

யார் இவர்?

1909-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். இன்றைய திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அப்போது அதே மாவட்டம்தான். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட். 1935-ல் தியான்சந்துடன் நியூசிலாந்து ஹாக்கி டூர்.

அடுத்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே மூன்று டெஸ்ட்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ ஜெர்மனியை 8-1 என வீழ்த்தி தங்கம் வென்றது.

சோறு போட்டது எது?

அதே காலத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆடியவருக்கு கிளப்பே சம்பளம் கொடுத்தது. இங்கே அப்படி எதுவும் கிடையாது. கோபாலனைக் கண்டெடுத்த சி.பி.ஜான்ஸ்டன், அவருக்கு பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். திறமை அவருடையது, அதைக் காப்பாற்றியது மாசச் சம்பளம். தோனிகூட ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்தானே?

இப்போ என்ன பிரச்சினை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகளும் உதிரிபாக ஆலைகளும் வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி காலையில் பயிற்சிக்கு எப்படிப் போவார்? டோர்னமென்ட்டுக்காக நாலு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும், சிலருக்கு வேலையே போகும். முடிவில் கைவிடப்படுவது விளையாட்டுதான்.

"லாபத்துக்கு நடத்துற கம்பெனி விளையாட்டு வீரரை ஏன் சுமக்கணும்?" என்று கேட்கலாம். சட்டமே பாதி பதில் சொல்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள் அதில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். கிராமப்புற, ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் வராது.

அதனால் இரண்டும் வேண்டும். அந்தப் பணத்தில் சுற்றுவட்டார இளைஞர்களுக்கு மைதானமும் கோச்சும். ஆலைக்குள்ளே, விளையாட்டு வீரர்களுக்கு சில நிரந்தர வேலைகள், பகல் ஷிஃப்ட், போட்டி நாட்களில் சம்பளத்தோடு லீவு.

ஜெர்ஸியில் லோகோ போட்டு ஒருநாள் டோர்னமென்ட் நடத்துவது சுலபம். ஆனால் கோபாலனை உருவாக்கியது ஜெர்ஸி இல்லை, வேலை.