முன் டிஃபரன்ஷியல் உடைந்த ஜீப்பை ஓட்டிச் செல்ல

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் உடைந்தாலும் பின் சக்கரங்கள் நல்ல நிலையில் இருந்தால் வண்டியை நகர்த்த அவை போதும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உடைந்த பல் ஒன்று கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே சிக்கினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன் சக்கரங்கள் இறுகி ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் போகலாம். டிஃபரன்ஷியல் ஹவுசிங்குக்குள் எதுவும் சுற்றாதபடி செய்த பிறகே வண்டியைக் கிளப்பலாம்.

முன் டிஃபரன்ஷியலை இரண்டு பக்கமிருந்து சுழற்ற முடியும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக இன்ஜின் அதைச் சுழற்றும். தரையில் உருளும் சக்கரங்கள் ஆக்ஸில் ஷாஃப்ட் வழியாகச் சுழற்றும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்தான அரைவேலை. சக்கரம் உருளும்வரை உள்ளே பற்கள் அரைபட்டுக்கொண்டேதான் இருக்கும். சக்கரப் பக்கத் தொடர்பை அறுப்பதே முதல் வேலை.

பழைய வில்லீஸ், மஹிந்திரா ஜீப்புகளில் இது எளிது. சக்கரத்தின் எடையைத் தாங்குவது ஹப்புக்குள் இருக்கும் பேரிங்குகள். ஆக்ஸில் ஷாஃப்டின் வேலை சக்கரத்தைச் சுழற்றுவது மட்டும். ஃப்ரீ வீல் ஹப் பொருத்திய வண்டியானால், இரு பக்கமும் அதைத் திருப்பி விடுவித்தாலே போதும். அமெரிக்காவில் 1948-இல் ஆர்தர் வார்ன் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் விற்கப்பட்ட ஜீப்புகளுக்கென்றே இத்தகைய ஹப்புகளைச் செய்தது.

அந்த வசதி இல்லாதபோது, ஆக்ஸில் ஷாஃப்டை ஹப்போடு இணைக்கும் டிரைவ் ஃப்ளாஞ்சைக் கழற்ற வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹப்பின் நடு மூடியை எடுத்து, ஷாஃப்ட் நுனியில் உள்ள நட்டையும் ஃப்ளாஞ்சைச் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் கழற்றினால், ஃப்ளாஞ்ச் புல்லரோடு வெளியே வரும். இரு பக்கமும் கழற்றுவது கட்டாயம். ஒரு பக்கத்தை விட்டுவைத்தால் உள்ளே ஸ்பைடர் கியர்கள் சுற்றும். திறந்த வாயைத் தகடு வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் புழுதி உள்ளே புகுந்து பேரிங்கைத் தின்றுவிடும். பிரேக் டிரம் ஹப்போடு இருப்பதால் முன் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். முடிந்ததும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிசிறில்லாமல் சுற்றினால் சரி.

அடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவர் தவறிப்போய் ஃபோர் வீலில் விழுந்தாலும் பினியன் சுற்றாதிருக்க, இதையும் எடுத்துவிடுவது நல்லது. கழற்றும் முன் இரு முனையிலும் பெயின்ட்டால் குறி வைக்க வேண்டும். ஷாஃப்ட் விடுபட்ட கணமே அதன் முனையில் யுனிவர்சல் ஜாயின்ட்டில் உள்ள கிராஸின் கப்புகளை டேப் சுற்றிக் கட்டிவிட வேண்டும். கப் நழுவினால், உள்ளே வரிசையாக நிற்கும் ஊசி ரோலர்கள் சேற்றில் சிதறிவிடும். இருட்டில் அவற்றைப் பொறுக்கி எடுப்பது நடக்கிற காரியமில்லை.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் இன்னொரு படி உண்டு. நடுவில் இருக்கும் சென்டர் டிஃபரன்ஷியல், தடையில்லாத பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். முன்பக்கத் தொடர்பு அறுந்ததும் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. சென்டர் டிஃபரன்ஷியலின் லாக்கைப் போட்டால்தான் பின் சக்கரம் இழுக்கும். லாக் போடாமல் கியரில் மட்டும் நிறுத்தினால் சரிவில் வண்டி உருண்டுவிடும் என்பதால், ஹேண்ட் பிரேக்கோடு கட்டையும் அவசியம்.

முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள் பலவற்றில் ஹப் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே ஆக்ஸிலின் வெளி முனையும் அதன் நட்டும்தான். ஷாஃப்டை முழுதாக உருவிவிட்டு ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்று போகலாம். வெளி ஜாயின்ட்டைப் பிரித்து, அந்த முனையை மட்டும் திரும்பப் பொருத்தி, நட்டை உரிய இறுக்கத்துக்கு முறுக்க வேண்டும். கார் அடித்தளத்தில் கட்டிய ஆல் வீல் டிரைவ் வண்டிகளில், இன்ஜின் குறுக்காக இருந்தால், முன் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். அதைப் பிரித்து விலக்க வழியில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான்.

இப்படிக் கிளம்பும் வண்டி பின் சக்கர வண்டியாகிவிடுகிறது. லோ கியர் போட்டால் முழுச் சுமையும் பின் ஆக்ஸில் மேல் விழும் என்பதால் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை நிதானமாகவே மிதிக்க வேண்டும். சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி முன் ஹப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஹப் மட்டும் சுட்டாலோ, முன்பக்கத்திலிருந்து கரகரப்புக் கேட்டாலோ, அங்கேயே நிறுத்திச் சக்கரத்தை மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.