தோல் ஆறியும் குரல் வரலையா? பட்டாசு விபத்தின் சதவீதக் கணக்கில் சேராத காயம்

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றாலே டிவி திரையின் அடியில் இரண்டு எண்கள் ஓடும். இறந்தவர்கள் எத்தனை பேர்? காயமடைந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் தீக்காயம்? 2021 பிப்ரவரி 12-ம் தேதி, விருதுநகர் மாவட்டம் சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோதும் இதே எண்கள்தான் ஓடின. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்து அது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய், 50 சதவீதத்துக்கு மேல் தீக்காயம் பட்டவர்களுக்கு 15 லட்சம், அதற்குக் கீழே சதவீதம் குறையக் குறைய தொகையும் குறையும் என்று இழப்பீட்டை நிர்ணயித்தது. பெரிய தொகைதான், வரவேற்க வேண்டிய உத்தரவுதான். ஆனால் அந்த சதவீதம் எதை அளக்கிறது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

தோலை மட்டும்தான் அது அளக்கிறது. காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். அந்தக் கணக்கை வைத்துத்தான் வார்டில் தீக்காயத்தை எடை போடுவார்கள். தொண்டைக்குள் நடந்தது இந்தக் கணக்கில் வராது. பெரியவர்களுக்கே குரல் நாண் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். அது அசையாமல் போனாலும் சதவீதம் மாறாது.

குரல் ஏன் போகிறது?

தீ விபத்தில் தப்பியவர் கரகரன்னு பேசினால் வீட்டில் சொல்வது ஒன்றுதான்: "புகையைக் குடிச்சாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." சில சமயம் அது உண்மை. சூடான காற்றும் புகையும் குரல்வளையை வீங்க வைக்கும். அந்த வீக்கம் வடிய வடிய குரல் மெல்லத் திரும்பும்.

அந்த வீக்கம் மூச்சுப் பாதையை அடைத்துவிடக் கூடாது என்றுதான் வாய் வழியாக டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்கிறார்கள். உயிரைக் காப்பது அந்த டியூப்தான், அதில் சந்தேகமே வேண்டாம். டியூபின் நுனிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன பலூன் இருக்கும். காற்று கசியாமல் இருக்க அதை ஊதி வைப்பார்கள். பலூன் இருக்க வேண்டிய இடம் குரல் நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாயில். தீக்காய நோயாளியை டிரஸ்ஸிங்குக்காக அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கும், முகமும் வீங்கி வடியும். இதில் டியூப் கொஞ்சம் மேலே ஏறினால், பலூன் குரல்வளைக்குள்ளேயே வந்து உட்காரும். அங்கே ஒரு பக்கம் பலூன், மறுபக்கம் குரல்வளையின் குருத்தெலும்பு. நடுவில் மாட்டிக்கொள்வது குரல் நாணை அசைக்கும் நரம்பின் கிளை.

நரம்பு எவ்வளவு தாங்கும்?

நரம்பை வெறும் கரண்ட் வயராக நினைக்க வேண்டாம். அது உயிருள்ள திசு. உள்ளே இழைகள் லேசாக நெளிந்து கிடக்கும், சுற்றிலும் உறைகள், ஊடே மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள். கழுத்தைத் திருப்பும்போது முதலில் அந்த நெளிவு நிமிர்ந்து கொடுக்கும். அதற்கு மேலும் இழுத்தால் நரம்பு விறைக்கும், குறுக்களவு சுருங்கும், உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் நெரிபடும். முயலின் கால் நரம்பில் நடந்த சோதனையில், 8 சதவீதம் நீட்டியதுமே ரத்த ஓட்டம் தடுமாற ஆரம்பித்தது. 15 சதவீதத்தில் முழுசாக நின்றுவிட்டது. நரம்பு அறுந்து போகவில்லை, பார்க்க நல்லாவே இருந்தது.

அழுத்தமும் இப்படித்தான். 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அளவிலேயே நரம்புக்குள் ரத்தம் தேங்கத் தொடங்கும். டியூப் பலூனுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர் பாதரசம். சரியான இடத்தில் பலூன் இருந்தால் பிரச்சினை குறைவு. இடம் மாறினால் வரம்புக்குள் இருக்கும் அழுத்தமே நரம்பைத் தொந்தரவு செய்யலாம்.

சிவகாசி வட்டாரத்துக்காரர்களுக்கு இதைத் திரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். திரியை நடுவில் நசுக்கினால் மேல்நூல் அப்படியே இருக்கும், நெருப்பு மட்டும் அந்த இடத்தைத் தாண்டாது. ஒரு வித்தியாசம், நசுங்கிய திரி மறுபடி சரியாகாது, நரம்பு பல நேரம் சரியாகும். லேசான நசுங்கல் என்றால் சில வாரங்களில் குரல் வந்துவிடும். உள்ளிழை அறுந்திருந்தால் அது நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். அப்படி வளரும்போது, நாணைத் திறக்கும் இழைகளும் மூடும் இழைகளும் இடம் மாறிப் போய்ச் சேரலாம். உயிர் இருக்கும், அசைவு இருக்காது.

விபத்தே இல்லாமலும் வருமா?

வரும். இந்த நரம்பின் பாதை அப்படி. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இடது பக்கத்தில் மார்புக்குள் மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி குரல்வளைக்கு ஏறி வருகிறது. வழியில் எங்கே இடித்தாலும் குரல் போகும். தைராய்டு ஆபரேஷனில் நரம்பு இழுபடுவது முக்கியமான காரணம். நுரையீரல் புற்றுநோய், காசநோயில் வீங்கிய நெறிக்கட்டி, இதய நோயில் பெருத்த இதய அறை, சில நேரம் வைரஸ் தொற்று என்று பட்டியல் நீளும். அதனால்தான் பட்டாசுத் தொழிலாளி என்றாலே புகை மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது.

எப்போது டாக்டரிடம் போகணும்?

டியூப் எடுத்து நாலு வாரம் ஆகியும் குரல் காற்றாகவே வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் அவ்வளவு நாள்கூட காத்திருக்க வேண்டாம். நாண்கள் சரியாக மூடாததால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகிறது என்று அர்த்தம். மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தால், அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். இரண்டு நாண்களும் முடங்கியிருக்கலாம்.

மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாண் அசையவில்லை என்பது அதிலேயே தெரியும். நரம்பு முடங்கியதாலா, அல்லது டியூப் உரசிய இடத்தில் தழும்பு பிடித்து நாண் இறுகிப் போனதாலா என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். நரம்பு பாதிப்பு என்றால் குரல் பயிற்சி, நாணைப் பருமனாக்க ஊசி, ஓராண்டு வரை பொறுத்தும் தேறாவிட்டால் கழுத்தில் சின்ன ஆபரேஷன். ஜப்பான் மருத்துவர் இஷிகி 1974-ல் விவரித்த முறை அது. நோயாளியை விழிப்போடு வைத்து, பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டே நாணை நடுப்பக்கம் தள்ளி வைப்பார்கள். தழும்பு என்றால் வைத்தியமே வேற.

குரலுக்கு இழப்பீடு உண்டா?

இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். அச்சங்குளம் விபத்தின்போது நடப்பில் இருந்த 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் காயப் பட்டியலில் கை, கால், விரல், கண் பார்வை, செவித்திறன் எல்லாம் உண்டு. குரல் இல்லை. பட்டியலில் இல்லாத காயம் என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும். தீக்காயத்துக்குப் பிறகு ஆலைக்கே போக முடியாமல் காய்கறிக் கடையோ இட்லிக் கடையோ போடும் பெண்ணுக்குக் குரல்தான் முதலீடு. மருந்து அறையில் இருப்பவருக்கு, "ஓடுங்க" என்று கத்த முடிவதே பாதுகாப்புக் கருவி. இதை எந்த சதவீதமும் சொல்லாது, சான்றிதழில் எழுதினால்தான் உண்டு.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டையும் ஒரு மாற்றுத்திறனாக ஏற்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால் இடஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகள் கேட்கலாம். அதற்கு முதலில், டிஸ்சார்ஜ் சீட்டில் தீக்காயத்தின் அளவோடு எத்தனை நாள் டியூப் இருந்தது, குரல் நாண் அசைகிறதா என்பதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.