வரவுப் பக்கம் ஒரு பாட்டு!

யுத்த கால ரேடியோ என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? கரகரத்த குரலில், 'எதிரிகள் பின்வாங்கினர்!' நாள் பூரா அதையே கேட்டால் எதிரி பின்வாங்குகிறானோ இல்லையோ, கேட்கிறவன் பின்வாங்கி விடுவான்.

வெள்ளைக்காரனுக்கு இது தெரிந்திருந்தது. 1940 ஜூன். ஹிட்லர் பாரிஸையே பிடித்துவிட்டான். பி.பி.சி. என்ன செய்தது தெரியுமோ? தொழிற்சாலைகளுக்குத் தினம் இரண்டு வேளை, அரை அரை மணி நேரம் பாட்டுப் போட்டது! பெயர், 'மியூசிக் வைல் யூ வொர்க்'. அதற்குச் சட்டதிட்டம் வேறு. தூக்கம் வரவழைக்கிற மெட்டு கூடாது. கைதட்ட வைக்கும் ஒரு பாட்டுக்குத் தடையே போட்டார்கள். தொழிலாளி ஸ்பேனரால் மெஷினில் தாளம் போட்டுவிட்டால்? ராத்திரியானால் 'இட்மா' தமாஷ். 1943 முதல் சனிக்கிழமை ராத்திரி நாடகம்.

இந்த ஐடியாவை உங்கள் மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். "யுத்தம் வரட்டும், பார்க்கலாம்" என்பார்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது சார். பர்மாவில் ஜப்பான்காரனோடு மோதிய படைகளுக்காக, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியக் கமாண்ட் கொழும்பில் ஒரு வானொலி வைத்திருந்தது. 'ரேடியோ சியாக்'. வீட்டு நினைப்பில் வாடுகிற சிப்பாய்க்குப் பாட்டும் சிரிப்பும்தான் மருந்து. அதற்காக 100 கிலோவாட்டில் ராட்சச டிரான்ஸ்மிட்டர் வரவழைத்தார்கள். கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் அது பேச ஆரம்பித்தது 1946-ல். யுத்தம் முடிந்ததோ 1945-ல்! கல்யாணம் முடிந்தபின் மேளக்காரர் வந்த கதை.

பி.காம். பாஷையில் அது 'டெட் ஸ்டாக்'. ஆனால் 1949-ல் இலங்கை அரசு கைக்கு வந்து 'ரேடியோ சிலோன்' ஆனது. 1952-ல் மந்திரி கேஸ்கர் நம்ம ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினாரா, தமிழ்நாடே ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பியது. மயில்வாகனன் குரல் வந்தால் டீ ஆறியது கூடத் தெரியாது. ஜப்பானை ஜெயிக்க வாங்கின மெஷின், நம்ம டீக்கடைக்குப் பாட்டுப் போட்டது!

தாம்பரத்தில் ரயிலுக்கு நிற்கும்போது காதில் ஒயரோடு பாட்டுக் கேட்கிற முடிச்சூர் தம்பிகளைப் பார்த்தால் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும். கோடிக்கணக்கில் உயிர்ப்பற்று எழுதிய அந்த யுத்தத்தின் பேரேட்டில், வரவுப் பக்கம் இந்த ஒரு பாட்டுப் பெட்டியாவது மிஞ்சியது.

1983 முதல் 2009 வரை அதே தீவில் இன்னொரு யுத்தம். அதன் வரவுப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு என்ட்ரி கூட இல்லை.