தொடத் தயங்கும் கைகளும் எட்டாத மருந்தும்

விடுதி மாணவி ஒருவருக்குச் சிறுவயதிலிருந்தே கடுமையான கரப்பான். முழங்கை மடிப்பும் கழுத்தும் வெடித்து நீர் வடியும். அரிப்பில் இரவெல்லாம் தூக்கமில்லை. "ஒழுங்கா குளிக்கிறதே இல்லையா?" என்று கேட்டவர்களை நமக்குத் தெரியும். அந்தக் கேள்வி நோயைப் பற்றியது மட்டுமல்ல என்பதும் நமக்குத் தெரியும்.

அறிவியலை முதலில் சொல்லிவிடுவோம். அடோபிக் எக்ஸிமா தொற்றாது. அழுக்கால் வருவதும் அல்ல. தோலின் தடுப்பு பலவீனமாகி, நோய் எதிர்ப்பு மண்டலம் அளவுமீறிக் கொந்தளிப்பதால் வருகிறது. களிம்புக்கு அடங்காவிட்டால் உள்ளிருந்தே அதை அடக்கும் மருந்து வேண்டும். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் பழையவை. இவற்றுக்கு ரத்தம், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் தொடர்ந்து தேவை. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப், ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரு சமிக்ஞைகளை மட்டும் தடுக்கிறது. ஜாக் தடுப்பான் மாத்திரைகள் விரைவாக வேலை செய்யும். தொடங்கும் முன் காசநோய்ச் சோதனை அவசியம்.

நம் மக்களுக்குக் கிடைப்பதோ பக்கத்து கிளினிக்கின் ஸ்டீராய்டு ஊசி. நான்கு நாள் நிம்மதி, பிறகு முன்னைவிட மோசம்.

இன்னொன்றும் உண்டு. நோயின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் 'சிவப்பு'க்கு மதிப்பெண் உண்டு. கறுத்த தோலில் அது பழுப்பாகவோ சாம்பலாகவோ ஊதாவாகவோ தெரியும். கடுமையான நோய் 'லேசானது' என்று எழுதப்பட்டுவிடும். கறுப்பு ஒரு சாதியின் நிறமல்ல. ஆனால் இந்தத் தோலில் நோயை அறிய, தடிப்பையும் சூட்டையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். தொடாமலே சீட்டு எழுதும் கை யாரை அதிகம் தவறவிடும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

"உயிர்போகும் நோயா இது?" என்பார்கள். தூங்காத பிள்ளை தேர்வு எழுத முடியாது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஒரு தேர்வு என்பது ஒரு தேர்வு மட்டுமல்ல.

புதிய ஊசி நம் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருக்கிறது. விலை விதியல்ல. 2012இல் ஒரு புற்றுநோய் மாத்திரைக்கு இந்தியா கட்டாய உரிமம் வழங்கியபோது, மாதம் 2,80,000 ரூபாய் 8,800 ரூபாயானது. உயிரியல் ஊசிக்கு நகல் செய்வது மாத்திரையைவிடக் கடினம்தான். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். பழைய மருந்துகளும் அவற்றுக்கான சோதனைகளும் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் தடையின்றிக் கிடைக்கட்டும் என்று இன்றே கேட்போம்.

அதற்கு முன், விடுதியில் அந்த மாணவியின் பக்கத்தில் பாய் விரிப்போம்.