கூவாமற் கூறும் ஏலம்

சந்தையிலே ஏலம் நடைபெறுங்கால் "ஒருதரம், இரண்டுதரம்" என உரத்த குரல் எழுகின்றது. வாங்க வந்தோர் பொருளைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கின்றனர். இணையவழி ஏலத்திலோ குரலும் இல்லை; தொட்டுப் பார்த்தலும் இல்லை. சில படங்களும், விற்பவர் எழுதிய விவரமுமே உள. அவற்றை நம்பியே தொலைவிலுள்ள ஒரு குடும்பம் தன் பணத்தை அனுப்புகின்றது. ஆதலின் அவ்விவரத்தை எவ்வாறு ஒழுங்குற அமைப்பது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இத்துறையிற் பெயர்பெற்ற ஈபே தளத்தை, 1995ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே பியேர் ஒமிட்யார் என்பார் தொடங்கினார். அங்கே முதன்முதல் விலைபோனது பழுதுபட்ட லேசர் சுட்டுகருவி ஒன்று, விலை 14.83 டொலர். பழுதென்பதை அறிந்துதான் கேட்டீரோ என அவர் வினவ, பழுதுற்ற அத்தகைய கருவிகளைச் சேகரிப்பவன் தான் என வாங்கியவர் விடை பகர்ந்ததாக அந்நிறுவனத்தின் வரலாறு கூறும். குறையை ஒளியாது சொன்னாலும் பொருள் விலைபோகும் என்பதற்கு இது தக்க சான்றன்றோ?

விவரத்தை ஒழுங்குபடுத்த உதவுவது எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி. ஐரோப்பாவிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேணர்ஸ்-லீ இதனை வகுத்தார். 1991இல் அவர் வெளியிட்ட முதற் பட்டியலில் இருந்த குறிகள் இருபதுக்கும் குறைவே. விற்பனை விவரம் எழுதுவோருக்கோ மூன்று நான்கு குறிகளே போதும்.

எழுதும்போது வரிகளை எத்தனை முறை முறித்தாலும், அம்மொழியில் அவையெல்லாம் ஓர் இடைவெளியாகவே கொள்ளப்படும். இதனை அறியாதார் எழுதியவை திரையில் ஒரே பந்தியாய்ப் பிணைந்து கிடத்தலை நாம் காண்கின்றோம். கோண அடைப்புக்குள் ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தை இட்டாற் புதிய பந்தி தொடங்கும். இரண்டாம் எழுத்தை இட்டால், தொடர்ந்து வருவன தடித்த எழுத்தாகும். யு.எல். என்னுங் குறியால் ஒரு பட்டியலைத் தொடங்கி, அதன் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் எல்.ஐ. என்னுங் குறியை இடலாம். முடிக்குமிடத்தில், அதே எழுத்துக்கு முன்னே ஒரு சாய்கோடு சேர்த்து மீண்டும் இடல் வேண்டும். தடித்த எழுத்தை முடிக்க மறந்தால், அதன்பின் வருவன யாவும் தடித்தே தோன்றும்; எல்லாம் தடித்தவிடத்து எதுவும் தனித்து நில்லாது.

பழைய புகைப்படக் கருவியொன்றை மாணவர் ஒருவர் விற்க விழைகின்றார் எனக் கொள்வோம். முதற் பந்தியில் அதன் பெயரும், செய்யப்பட்ட ஆண்டும் அமைக. அடுத்து அளவு, நிறை, உடன் வரும் உறை, வார் ஆகியன பட்டியலாய் நிற்க. கடைசிப் பந்தியில் அனுப்பும் முறையைக் கூறுக. தடித்த எழுத்து எங்கே இடத்தக்கது? "அரிய வாய்ப்பு" என்னுந் தற்புகழ்ச்சிக்கன்று. "வில்லையிற் பூஞ்சணம் உண்டு" என்னும் ஒரு வரிக்கே அது உரியது. வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது அதுவே.

பல வண்ணங்களும், மின்னி மறையும் சொற்களும், ஓடும் வரிகளும் ஒருகாலத்தில் இத்தளங்களில் மலிந்திருந்தன. அவை கண்ணை உறுத்தினவேயன்றிப் பொருளை விளக்கவில்லை. நிரல்களால் இயங்கும் அலங்காரங்களை ஈபே 2017ஆம் ஆண்டு யூன் மாதத்தில் விலக்கியது. இந்நாளிற் பலர் கைத்தொலைபேசியிலேயே பார்வையிடுகின்றனர். அகன்ற கட்டங்களுக்குள் எழுதியவை அச்சிறு திரையில் அடங்குவதில்லை. எளிய பந்தியும் பட்டியலுமோ திரைக்கேற்ப மடங்கி அமையும்.

குறிமொழி கற்கும் மாணவர்க்கு இது நல்ல பயிற்சியுமாகும். எழுதி முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கைத்தொலைபேசியிற் காட்டுங்கள். பொருளின் குறை யாது என்று கேளுங்கள். அவர் தேடாமலே விடை கூறுவாராயின் உங்கள் விவரம் செம்மையுற்றது. தேடுவாராயின், அழகுக்கென இட்ட குறிகளை ஒவ்வொன்றாய் நீக்கி மீண்டும் காட்டுங்கள்.