இருட்டுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கூரையில் பதித்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் தூணாக இறங்கும். அதில் சுக்குத் தூசி மினுமினுத்துக்கொண்டு மிதக்கும். வாசலுக்கு வெளியேயும் அதே தூசிதான் பறக்கிறது, கண்ணில் படுவதில்லை. உள்ளே இருட்டாக இருப்பதால்தான் தெரிகிறது.

ஆண்டு விழாவில் லேசர் ஒளிக்காட்சி வைக்கலாம் என்று நம் சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது எனக்கு இந்தக் கிடங்குதான் ஞாபகம் வந்தது. மேடையில் புகை விட்டு லேசரைச் சிதறடித்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், வாஸ்தவம். பிளாஸ்மா ஆராய்ச்சிக்கூடத்திலோ கண்ட இடத்தில் சிதறும் ஒளிதான் முதல் எதிரி.

பிளாஸ்மா என்பது மின்னேறிய வாயு. மிகச் சூடான பிளாஸ்மாவுக்குள் எந்த வெப்பமானியை வைத்தாலும் ஆவியாகிவிடும். ஆகவே லேசரைப் பாய்ச்சுகிறார்கள். எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் ஒளியின் நிறம் எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவு சூடு. 1969இல் இங்கிலாந்தின் கல்ஹாம் விஞ்ஞானிகள் லேசரை மாஸ்கோவுக்கே தூக்கிக்கொண்டு போய், டி-3 டோகாமாக்கில் சுமார் ஒரு கோடி டிகிரி என்று அளந்தது இப்படித்தான். ருஷ்யர்கள் சொன்னதை மேல்நாட்டார் நம்பியது அதற்குப் பிறகே.

ஆனால் அனுப்பிய ஒளியில் பல லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இப்படிக் கைக்குக் கிடைக்கிறது. சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி அதை அமுக்கிவிடும். அதனால் நுழைவுக் கண்ணாடியைச் சாய்த்து, நீண்ட குழாயின் முனையில் தள்ளி வைக்கிறார்கள். குழாய்க்குள் துளையிட்ட கறுப்புத் தட்டுகள். எதிர்ப்புறத்தில் ஒளியை விழுங்க ஒரு பொறி. சவர பிளேடுகளை நெருக்கி அடுக்கினாலே அந்தப் பொறி தயார்! கூர்முனைகளுக்கு நடுவே புகுந்த ஒளி திரும்பி வராது. மிஞ்சுவது லேசரின் சொந்த நிறத்திலேயே இருக்கும். அந்த நிறத்தை மட்டும் வடிகட்டி ஒதுக்கலாம்.

இந்த வடிகட்டும் யுக்தி நமக்குப் புதிதல்ல. 1928இல் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும், ஒன்று விடுவதை மற்றொன்று தடுக்கும் இரு வடிகட்டிகளை வைத்துத்தான் கல்கத்தாவில் அந்த மங்கிய ஒளியைப் பிடித்தார்கள்.

இதையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? இயற்பியல் நன்றாக வருகிற பிள்ளையையும் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிவிடுகிறோம். படகேறி எர்ணாகுளம் போய் பஸ் பிடித்தால் களமசேரி. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டோனிக்ஸுக்கென்றே 1995இல் தொடங்கிய துறை அங்கே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறோம்?

ஒளிக்காட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். செருப்புப் பெட்டி, கறுப்புக் காகிதம், ஒரு சின்ன லேசர் போதும். யார் பெட்டிக்குள் இருட்டு அதிகம் என்று போட்டி வைக்கலாம். பிளேடுகளைப் பெரியவர்கள் அடுக்கிக் கொடுக்கட்டும். லேசரை யார் கண்ணுக்கு நேரேயும் பிடிக்கக்கூடாது. பெட்டிகளை நான் கொண்டுவருகிறேன்.