ரோட்டா வைரஸ்: பல முகங்கள் கொண்ட ஒரு நோயும் நமது தயக்கமும்

சிறார்களுக்கு வயிற்றோட்டம் ஏற்படுவதை நமது சமூகங்கள் பெரிய விடயமாகக் கருதுவதில்லை. பல் முளைக்கின்றது என்றோ, கண்ணூறு பட்டுவிட்டது என்றோ காரணம் கூறிவிடுகின்றோம். ஆயினும் 2016ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 128,000 சிறார்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படும் ரோட்டா வைரஸ் தொற்றும் இவ்வாறு சாதாரணமாகவே ஆரம்பிக்கின்றது.

1973இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் ரூத் பிஷப் தலைமையிலான குழுவினர் இதனை இனங்கண்டனர். சுத்தமான குடிநீரும் கழிவறையும் மட்டும் இதனைத் தடுத்துவிடுவதில்லை. தடுப்பு மருந்து வருவதற்கு முன்னர் செல்வந்த நாடுகளின் குழந்தைகளும் ஐந்து வயதுக்குள் இதற்கு ஆளாகியே வந்தனர். தொற்று சகலருக்கும் பொதுவானது. மரணம் பெரும்பாலும் வறியவர்களுக்குரியது.

இந்த வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளால் ஆனது. இரு வேறு வகைகள் ஒரே குழந்தையின் குடலில் சந்திக்கும்போது அத்துண்டுகள் இடம்மாறிப் புதிய வகை உருவாகலாம். விலங்குகளின் வைரஸும் இக்கலப்பில் சேர்வதுண்டு. 2013 முதல் பல நாடுகளில் தலைகாட்டிய, குதிரை வைரஸை ஒத்த ஜி3 வகை இதற்கு உதாரணமாகும்.

அவ்வாறாயின் ஒரே மருந்து எல்லா வகைகளையும் எவ்வாறு தடுக்கும் என்ற கேள்வி எழுவது நியாயமே. தமிழகத்தின் வேலூரில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை அவதானித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வு இங்கு முக்கியமானது. மெக்சிகோவில் முன்னர் செய்யப்பட்ட ஆய்வில், இருமுறை தொற்றுக்கு உள்ளான குழந்தைகளைக் கடுமையான நோய் பின்னர் அணுகவில்லை. வேலூரிலோ மூன்று தொற்றுகளின் பின்னரும் பாதுகாப்பு 79 வீதமாகவே இருந்தது. ஆனால் முதலில் தொற்றிய அதே வகைக்கு எதிராகத் தனியான பாதுகாப்பு எதுவும் புலப்படவில்லை. ஆகவே பிரச்சினையை வைரஸின் வகைகளில் மட்டும் தேடுவது பொருந்தாது. போசாக்கின்மை, மிக இளவயதிலேயே திரும்பத் திரும்ப ஏற்படும் தொற்றுகள் ஆகியனவும் கவனத்திற்குரியவை. மலாவியில் ஒரே வகையைக் கொண்ட மருந்து ஏனைய வகைகளுக்கும் எதிராகச் செயற்பட்டது. எனினும் அதன் பயன் சுமார் 49 வீதமே.

பாதிப் பயன்தானே என்று இந்தியா ஒதுங்கியிருக்கவில்லை. டில்லியில் பிறந்த சிசுக்களிடம் கண்டெடுக்கப்பட்ட, மாட்டு வைரஸின் கூறு இயற்கையாகவே கலந்திருந்த ஒரு வகையிலிருந்து சொந்த மருந்தைத் தயாரித்தது. அதன் பயனும் ஏறத்தாழ 55 வீதமே. ஆயினும் 2016இல் நான்கு மாநிலங்களில் ஆரம்பித்து, 2017இல் தமிழகத்திற்கும் 2019இல் நாடு முழுமைக்கும் அது விஸ்தரிக்கப்பட்டது. மரணம் மலிந்த நாட்டில் பாதி என்பது பல்லாயிரம் உயிர்களாகும்.

இலங்கையின் இலவசத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் 2023 வரை ரோட்டா மருந்து சேர்க்கப்பட்டிருக்கவில்லை. பணம் கொடுத்துத் தனியாரிடம் பெறக்கூடியவர்களின் பிள்ளைகளுக்கே அது கிட்டியது. நமது சிசு மரண வீதம் குறைவு, செலவோ அதிகம் என்ற வாதம் முற்றிலும் தவறானதன்று. ஆனால் அவ்வாதம் மரணத்தை மாத்திரமே கணக்கிடுகின்றது. பிள்ளையுடன் வைத்தியசாலை விடுதியில் தங்கும் தோட்டத் தொழிலாளத் தாய் இழக்கும் நாட்சம்பளம் எந்தக் கணக்கில் சேரும்? சுகாதார அமைச்சு இம்மருந்தை ஏற்பதாயினும் மறுப்பதாயினும், நாட்டில் பரவும் வகைகள் பற்றிய தொடர்ச்சியான தரவுகளுடன் காரணத்தைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.

இன்னொன்றையும் கூறவேண்டும். 2010இல் ரோட்டா மருந்தொன்றில் பன்றி வைரஸின் மரபுக்கூறு காணப்பட்டதால் அமெரிக்கா அதனைத் தற்காலிகமாக நிறுத்தியது. மனிதருக்குத் தீங்கில்லை எனக் கூறி இரு மாதங்களில் மீண்டும் அனுமதித்தது. இதுபற்றி முஸ்லிம் பெற்றோர் வினவினால் அதனை அறியாமை என ஒதுக்காது, மருந்தின் உள்ளடக்கத்தை அறிமுகத்திற்கு முன்னரே உலமாக்களுடன் கலந்துரையாடுவது அதிகாரிகளின் கடமையாகும்.

அதுவரை ஜீவனியும் தாய்ப்பாலுமே வீட்டில் உள்ள முதல் உதவி. கண்கள் குழிவிழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.